ஐம்பத்தாறு என்றால், ஐம்பத்தாறு என்ன?

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தால் எதையும் அப்படியே நம்பிவிடுகிற ஆள் நான். 'ஒரே பூச்சில் சுவர் பளிச்' என்று பெயின்ட் டின்னில் போட்டிருந்தால், ஒரே பூச்சோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுவேன். (சுவர் வரிக்குதிரை மாதிரி இருந்தது. அது இருக்கட்டும்.) இந்த நம்பிக்கையால் பல தடவை அடிபட்டிருக்கிறேன். ஆனால் அக்காவின் கல்யாணத்தையே அந்தரத்தில் தொங்கவிட்டது ஒரு தடவைதான். அன்றைக்கு நான் நம்பியது, ஒரு மோடம் பெட்டியில் போட்டிருந்த '56' என்ற எண்ணை.

மோடம் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர் காஹாங்கில் இணையம் காற்றில் வராது. வீட்டுத் தொலைபேசி ஒயரைப் பிடுங்கி ஒரு சின்னப் பெட்டியில் செருக வேண்டும். அந்தப் பெட்டி நம்பரைச் சுழற்றும். மறுமுனையில் இன்னொரு பெட்டி எடுக்கும். இரண்டும் சேர்ந்து ஆட்டுக்குட்டி வாலை மிதித்த மாதிரி கத்தும். கத்தி முடித்ததும் இணையம் வந்துவிடும், டெலிபோன் போய்விடும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அன்றைக்கு நான் ஞாபகம் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அப்போது நான் குளுவாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். முதல் செமஸ்டர்கூட முடியவில்லை. ஆனால் எங்கள் வரிசை வீடுகளில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதால், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய், முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்துப் போடுவேன். பாதி நேரம் ஓடிவிடும். மரியாதை வளர்ந்துகொண்டே போனது.

என் அக்கா கலா, அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுக் கணக்கு டீச்சர் வேலைக்குக் காத்திருந்தாள். அவளைப் பெண் பார்க்க யோங் பெங்கிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தார்கள். மாப்பிள்ளை சரவணன், செனாயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். கூட அவருடைய அப்பா, இன்னும் சில உறவுக்காரர்கள். மாப்பிள்ளை வந்ததிலிருந்து பேசியது இரண்டே வார்த்தை: "தண்ணி போதுங்க." அதையும் தரையைப் பார்த்துச் சொன்னார். என் அம்மா சமையலறையில் முணுமுணுத்தார்: "ஊமையோ என்னவோ, யாராவது கேட்டீங்களா?"

ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு அப்பாக்களுக்கும் பிடித்துவிட்டது. பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். ஒரே ஒரு தடை, லண்டனில் இருந்தது.

மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவரை வளர்த்தது அவருடைய அக்கா ராஜி. லண்டனில் நர்ஸ். ராஜி அக்கா பார்த்துச் சரி சொல்லாமல் அந்த வீட்டில் சோபா கவர்கூட மாற்ற மாட்டார்கள் என்று கேள்வி. நாங்கள் முன்பே தபாலில் ஸ்டூடியோ படம் அனுப்பியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "இதுல பவுடர்தான் தெரியுது, பொண்ணு தெரியல" என்று சொல்லிவிட்டாராம்.

"அவ நேர்ல எப்படி இருக்கான்னு பாக்கணும்னு நிக்கிறா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கொஞ்சம் சங்கடத்தோடு. "இன்னிக்குப் படம் எடுத்துத் தபால்ல போட்டா, அது போய்ச் சேர்ந்து, அவ பார்த்து..."

தொண்டையைச் செருமினேன்.

"எதுக்கு அங்கிள் தபால்? இப்பவே அனுப்பிடலாம். ரெண்டே நிமிஷம்."

கூடம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்காக நான் இன்னும் பெரிய பொய்கள்கூடச் சொல்லியிருப்பேன். இது பொய்கூட இல்லை, கணக்கு. வகுப்புத் தோழன் ஆ கியோங்கிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி வைத்திருந்தேன். அதில் அக்காவை இரண்டு படம் எடுத்தேன், ஒன்று முகம், ஒன்று முழு உருவம். கேமரா அதைச் சின்ன ஃபைலாகத்தான் தந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சின்ன ஃபைல் என்றால் தரம் குறைவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் இரண்டையும் திறந்து, துளியும் சுருக்காத வடிவத்தில் மறுபடி சேமித்தேன். ஒவ்வொன்றும் மூவாயிரத்து எழுநூறு கிலோபைட் ஆனது. அக்காவின் கல்யாணம், கஞ்சத்தனம் பார்க்கலாமா?

மோடம் ஐம்பத்தாறு. ஏழாயிரத்து நானூறை ஐம்பத்தாறால் வகுத்தால் நூற்று முப்பத்திரண்டு வினாடி. ரெண்டு நிமிஷம், கொசுறாகப் பன்னிரண்டு வினாடி. இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வீட்டு போனிலேயே லண்டனுக்கு அடித்தார். "ராஜி, இன்னும் ரெண்டு நிமிஷத்துல படம் வரும். பார்த்துட்டு இந்த நம்பருக்கே கூப்பிடு." வைத்துவிட்டார். மணி மூன்றரை. நான் ஒயரைப் பிடுங்கி மோடத்தில் செருகினேன்.

மோடம் கத்தியது. உறவுக்காரர் ஒருவர் கையிலிருந்த கரிப்பாப் பலகாரம் தட்டில் விழுந்தது.

"என்னப்பா இது, யாரையோ அடிக்கிற மாதிரி சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ரெண்டு பக்கத்து மோடமும் பேசிக்குதுங்க அங்கிள்."

"என்ன பேசுதாம்?"

"எந்த வேகத்துல போறதுன்னு பேரம் பேசுது."

"ஓ." கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டார். சத்தம் நின்றது. "படிஞ்சிடுச்சா?"

"படிஞ்சிடுச்சு அங்கிள்!"

அனுப்பும் பட்டனை அழுத்தினேன். திரையில் ஒரு நீளப் பட்டை வந்தது. கடிதம் போகப் போக அதில் நீலக் கட்டம் நிரம்பும். எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். இரண்டு நிமிஷம் ஆனது. ஒரு கட்டம் வந்தது. ஐந்து நிமிஷம். இன்னொரு கட்டம் வரலாமா வேண்டாமா என்று யோசித்தது. ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் திரை முன்னால், மவுஸைச் சும்மா ஆட்டிக்கொண்டு நின்றேன். (ஆட்டினால் வேகமாகப் போகும் என்று எனக்கு அப்போது ஓர் ஆராய்ச்சி முடிவு இருந்தது.)

"ரொம்ப லம்பாட்டா இருக்கே தம்பி, நகரவே காணோம்," என்றார் ஓர் உறவுக்காரர்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. லைன் ஜாம்."

கால் மணி நேரம் போனதும் அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வடை தீரப் போவுதுடா," என்றார். அப்போதுதான் சமையலறை வாசலில் வளையல் சத்தம் கேட்டது. பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அக்கா வந்து நின்றாள். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் கூப்பிடாமல் வெளியே வரக் கூடாது. அம்மா கண்ணாலேயே அவளை உள்ளே தள்ளப் பார்த்தார். அக்கா கவனிக்கவில்லை. எங்கேயோ ஒரு கணக்கு தப்பாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

"படம் எவ்வளவு பெருசு?" என்றாள்.

"ரெண்டும் சேர்த்து ஏழாயிரத்து நானூறு கிலோபைட்."

"மோடம்?"

"அம்பத்தாறு."

"அம்பத்தாறு என்ன?"

அந்தக் கேள்வி என்னை அடித்த அடி இன்னும் மறக்கவில்லை. ஐம்பத்தாறு என்ன? அது ஐம்பத்தாறு, அவ்வளவுதான். ஐம்பத்தாறு ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அம்பத்தாறு கே," என்றேன்.

"பெட்டியக் கொண்டா."

கட்டிலுக்கு அடியிலிருந்து மோடம் வந்த அட்டைப் பெட்டியை இழுத்து வந்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இங்க பாரு, சின்ன பி போட்டிருக்கு. பெரிய பி இல்ல. சின்ன பின்னா பைட்டா, பிட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிட்டுங்க."

மாப்பிள்ளை! எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவருடைய அப்பாவே பார்த்தார்.

"எட்டு பிட்டு சேர்ந்தாதான் ஒரு பைட்," என்றார் மாப்பிள்ளை, இந்தத் தடவையும் தரையைப் பார்த்துத்தான்.

"அப்ப அம்பத்தாற எட்டால வகுக்கணும்," என்றாள் அக்கா. "வினாடிக்கு ஏழு கிலோபைட்தான். ரெண்டு நிமிஷம் இல்லடா, பதினேழு பதினெட்டு நிமிஷம்!"

அப்பாடா என்று இருந்தது எனக்கு. "அதான் பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சே. இன்னும் மூணே நிமிஷம்," என்று சபைக்கு அறிவித்தேன்.

மாப்பிள்ளை மெதுவாக எழுந்து வந்தார். "இல்லங்க. அம்பத்தாறு வாங்கறதுக்குத்தான். நாம அனுப்பறப்ப முப்பத்து மூணு புள்ளி ஆறுக்கு மேல போகாது."

"ஏன் அப்படி?" என்றாள் அக்கா.

நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் படித்தவன் நான். அவள் கண்ணில் இருந்த ஆர்வத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் கடைசிப் பரீட்சையை மறுபடி எழுத வேண்டி வந்திருக்காது.

"இணையக் கம்பெனி பக்கத்துலருந்து வர்றது பாதி தூரத்துக்கு மேல டிஜிட்டலா வருதுங்க. நம்ம வீட்டுலருந்து போறது பழைய டெலிபோன் சத்தமாத்தான் போகணும். அதான் கொறையுது." பேசிக்கொண்டே திரையின் மூலையில் இணைப்பின் வேகத்தைக் காட்டுகிற குட்டிப் படத்தை அழுத்தினார். "இங்க அதுகூட கிடைக்கல. இருபத்தெட்டு புள்ளி எட்டுதான்."

அக்கா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த டிஷ்யூவில் எழுதினாள். "எட்டால வகுத்தா மூணு புள்ளி ஆறு. முப்பத்து நாலு நிமிஷம்."

"எட்டால வேணாங்க. பத்தால வகுங்க."

"ஏன்? எட்டு பிட்டுதானே ஒரு பைட்?"

முதல் தடவையாக மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால ஒரு பிட்டு, பின்னால ஒரு பிட்டு சேர்த்து அனுப்புவாங்க, எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு தெரியறதுக்கு. லோரில எட்டு மூட்டை போனாலும், டிரைவரும் மூட்டை இறக்குற கெலிண்டானும் கூட ஏறித்தானே ஆகணும்? அது மாதிரி. நுணுக்கமாப் பாத்தா எல்லா மோடத்துக்கும் அப்படி இல்ல. ஆனா குத்துமதிப்புக்குப் பத்து சரியா வரும்."

அக்கா சிரித்துவிட்டாள். பெண் பார்க்கும் இடத்தில், சத்தமாக, பல் தெரிய. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப நாப்பத்து மூணு நிமிஷம்," என்றாள்.

"அதோட," என்று இழுத்தார் மாப்பிள்ளை. சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். "மெயில்ல படத்தச் சேர்த்தா அது எழுத்தா மாறித்தான் போகும். அதுல மூணுல ஒரு பங்கு பெருசாகும்."

"அம்பத்தேழு!" என்றாள் அக்கா, லாட்டரி விழுந்த மாதிரி.

ரெண்டு நிமிஷம் ஐம்பத்தேழு நிமிஷமாகிவிட்டது. படம் அதே படம். ஒயர் அதே ஒயர். மிச்ச ஐம்பத்தைந்து நிமிஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று நான் இன்றைக்கும் சில சமயம் யோசிப்பதுண்டு. அன்றைக்கு யோசிக்க நேரமில்லை. மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட் பண்ணிட்டுச் சின்ன ஃபைலா அனுப்புடா," என்றாள் அக்கா.

புத்தியுள்ளவன் கேட்டிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "கால்வாசிக்கு மேல போயிடுச்சு. நாலு இருபத்தேழுக்கு முடிஞ்சிடும். ராகு காலத்துக்கு மூணு நிமிஷம் முன்னாடி," என்றேன். தோற்கிறவன்தான் நிமிஷக் கணக்கு சொல்வான் என்பது பிற்பாடு தெரிந்தது.

அதற்குப் பிறகு என்னை யாரும் சீண்டவில்லை. அக்காவும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் மேசைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்பு இருந்த பதினாலு புள்ளி நாலு மோடமாக இருந்தால் எத்தனை நேரம்? அதற்கும் முந்தைய இரண்டு புள்ளி நாலு? "அதுலன்னா ராத்திரிச் சாப்பாட்டையும் நீங்க இங்கதான் சாப்பிடணும்," என்றாள் அக்கா. மாப்பிள்ளை சிரித்தார். அவருடைய அப்பா பாதி கடித்த வடையோடு அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

பிறகு என் அப்பா பக்கம் சாய்ந்து கேட்டார்: "உங்க பொண்ணு எப்பவும் இப்படித்தானா?"

அப்பா பனை எண்ணெய் ஆலையில் ஃபோர்மன். நூறு ஆட்களை அதட்டுகிற மனிதர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கணக்குன்னா கொஞ்சம்... அப்படித்தாங்க."

"ம்ம்," என்றார் அவர். அந்த 'ம்ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. போச்சு, என்னால் போச்சு என்று நான் மவுஸை இன்னும் வேகமாக ஆட்டினேன்.

நாலு இருபத்தைந்துக்குப் பட்டை நிரம்பியது. "போயிடுச்சு!" என்று கத்தினேன். கூடமே கை தட்டியது. அம்மா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். எல்லாரும் டெலிபோனைப் பார்த்தோம்.

அது அடிக்கவில்லை.

"பாத்துட்டிருப்பா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நாலரை ஆனது. அடிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் கைத்தொலைபேசி இருந்தது. ஆனால் காஹாங்கில் அப்போது சிக்னல் வேண்டுமென்றால் பெரிய ரோட்டைத் தாண்டிச் செம்பனை மர ஓரமாகப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாலு முப்பத்தைந்து. அம்மா தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அவளுக்குப் பிடிக்கல போல," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, சன்னமாக. அக்காவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. அவள் கையில் இருந்த டிஷ்யூவை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். தரை பிளந்தால் மோடத்தையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நின்றேன்.

மாப்பிள்ளைதான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "தம்பி... லைன கட் பண்ணீங்களா?"

அலமாக்.

மோடம் இன்னும் லைனில் இருந்தது. அனுப்பி முடித்த சந்தோஷத்தில் நான் துண்டிக்கவே இல்லை. பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கி டெலிபோனில் செருகினேன். ஒயர் போய்ச் சேரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. எடுத்தேன்.

"யாரு அது? என்ன வீடு அது?" லண்டனிலிருந்து வந்த குரல், ரிசீவரைக் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கூடம் முழுக்கக் கேட்டது. "ஒரு மணி நேரமா அடிக்கிறேன், எங்கேஜ், எங்கேஜ்! பேச இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, எதுக்கு ரிசீவரக் கீழ எடுத்து வைக்கிறீங்க?"

"அக்கா... படம்... படம் வந்துச்சா?"

"என்ன படம்? ஒரு படமும் வரல!"

(காரணத்தை அன்று சாயங்காலம் கண்டுபிடித்தேன். ராஜி அக்காவின் இலவச மின்னஞ்சல் பெட்டி இரண்டாயிரம் கிலோபைட்டுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. நான் ஒரு மணி நேரம் பாடுபட்டு அனுப்பியதை அது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.)

மாப்பிள்ளை என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

"அக்கா, நான்தான்."

"நீ என்னடா பண்ணிட்டிருந்த இவ்வளவு நேரம்?"

"பேசிட்டிருந்தேங்கா."

"யாரோட?"

அவருடைய காது மடல் சிவந்தது. "பொண்ணோட."

"நீயா? எவ்வளவு நேரம்?"

"ஒரு... முக்கா மணி நேரம் இருக்கும்."

ராஜி அக்கா சிரிப்பது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "டேய், உன்ன வளத்த எங்கிட்டயே நீ பத்து நிமிஷம் சேர்ந்தாப்புல பேசினதில்லையேடா! ஃபோன அப்பாகிட்ட குடு."

மாப்பிள்ளையின் அப்பா வாங்கிக் கேட்டார். "ம்ம்." மறுபடி, "ம்ம்." வைத்தார். எங்கள் அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"படம் வேணாமாம்," என்றார். "தட்ட மாத்தச் சொல்லிட்டா."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அம்மா அம்மாதான். "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சேங்க..."

மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பாதி வடையை ஒருவழியாக வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "சம்மதம் சொன்னவ லண்டன்ல இருக்கா. அங்க இப்ப காலைல எட்டரைதான் லா. எடுங்க தட்ட."

தட்டு மாறியது. அந்த மாப்பிள்ளை எனக்கு மாமா ஆனார்; அக்கா இப்போது அவரோடு செனாயில் இருக்கிறாள். இடைநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கோ அந்த டிப்ளோமா எப்படியோ கிடைத்து, வலைத்தொடர்பு வேலையிலேயே காலம் ஓடிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிட்டைப் பைட்டாகக் கணக்குப் போட்டுச் சொல்வேன். ஒரு பெட்டியில் ஓர் எண்ணைப் பார்த்தால், 'என்ன?' என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்கிறேன். ஆனால் வீட்டில் அதெல்லாம் எடுபடாது. நான் வாயால் சொல்லுகிற எந்த நேரத்தையும் குடும்பமே எட்டால் பெருக்கிக்கொள்கிறது. மாமா ஆரம்பித்தது. அக்கா பிள்ளைகள் அதைப் பால் குடிக்கும்போதே கற்றுக்கொண்டார்கள். பல் டாக்டரிடம் என்னைக் காட்டி, "மாமா வலிக்காதுன்னு சொன்னாரு, ஒரு வலிக்காதா, எட்டு வலிக்காதா?" என்று கேட்ட மருமகள் ஒருத்தி இருக்கிறாள்.

போன மாதம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வடக்கிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தேன். கடைசி ஓய்விடத்தில் நிறுத்திக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டேன்: "பக்கத்துல வந்துட்டேன். பத்து நிமிஷம்."

உடனே மாமாவிடமிருந்து அக்காவுக்குப் பதில் வந்தது, எல்லாரும் பார்க்கும்படி: "அரிசி இப்ப போட வேணாம். எண்பது நிமிஷம் இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் ஒரு மனுஷனுக்கு மரியாதை இல்லையா? இன்றைக்குக் காட்டுகிறேன் என்று காரை எடுத்தேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன். முன்னால் ஒரு செம்பனைக் குலை லோரி சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அப்போதுதான் சோற்றை வடித்து இறக்கிக்கொண்டிருந்தாள்.